ஊர் நூலகத்தில் இயற்கை நூல்களுக்கு ஓர் அலமாரி

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நூலகத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் நல்ல நூல்களைப் படியுங்கள் என்று உபதேசம் செய்துவிட்டுப் போவது வழக்கம். அவ்வுபதேசத்தை இன்று நாம் செய்யப் போவதில்லை. உங்கள் ஊர் நூலகத்தில் ஒரே ஓர் அலமாரியைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம். பறவை, பாம்பு, பூச்சி, மரம், செடிகொடி ஆகியவற்றைப் பற்றிய நூல்களுக்கென ஓர் அலமாரி. அதனை எவ்வாறு தொடங்குவது, எந்நூல்களை முதலில் சேர்ப்பது, சேர்த்த பின் அவற்றை எவ்வாறு காப்பது என்பனவே இன்றைய பேச்சு.

இக்கூட்டம் தொடங்குமுன் உறுப்பினர் ஒருவர் நம்மிடம் ஒரு வினா விடுத்தார். “குடிநீர்க் குழாய் உடைந்து கிடக்கிறது, வடிகால் தூர்ந்து கிடக்கிறது, இந்நிலையில் குருவிப் புத்தகம் வாங்கவா ஊராட்சிப் பணம்?” என்றார். வினா நியாயமானதே. குழாயைப் பழுது பார்த்துவிட்டே புத்தகத்துக்கு வருவோம் என்பதில் நமக்கும் மாறுபாடு இல்லை. ஆயினும், குருவிப் புத்தகம் பொழுதுபோக்கு என்னும் கருத்தோடு நாம் உடன்படுவதற்கில்லை. ஏன் என்பதைக் கூறுகிறோம்.

2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பப்பாளித் தோட்டங்களில் ஒரு புதிய மாவுப்பூச்சி தோன்றியது. அந்நிய நாட்டிலிருந்து வந்து சேர்ந்த பூச்சி அது. பப்பாளியோடு நிற்கவில்லை, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. உடலை வெண்மெழுகால் மூடிக்கொள்ளும் பூச்சியாதலின், அதன் மேல் மருந்து எளிதில் ஒட்டுவதில்லை. விவசாயிகள் மருந்துக்குக் கொட்டிக் கொடுத்த பணத்துக்கு அளவில்லை. இறுதியில் அதனை அடக்கியது எது? 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கொண்டுவந்து பெருக்கி விடப்பட்ட ஓர் ஒட்டுண்ணிக் குளவி. கடுகளவும் இல்லாத அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதனை அழித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் இக்குளவிகளைப் பெருக்கி விவசாயிகளுக்கு வழங்கினர். எந்தப் பூச்சியை எந்தப் பூச்சி உண்ணும் என்று யாரோ சிலர் பொறுமையாகப் பார்த்து எழுதி வைத்திருந்த குறிப்புகளே அன்று தோட்டங்களைக் காத்தன.

இன்னொன்றையும் கேளுங்கள். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்று உண்டு. அதன் புழு, வெள்ளை மயிர் போன்ற மெழுகால் மூடப்பட்டு, பார்வைக்குப் பெரிய மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும். அதனைக் கண்ட விவசாயி, ‘அடடா, பூச்சி இவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டதே’ என்று விரலால் நசுக்குகிறார். அல்லது மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறார். தமக்குக் கூலியின்றி வேலை செய்ய வந்தவனைத் தாமே கொன்றுவிடுகிறார். வண்ணப்படத்துடன் கூடிய நான்கு பக்கம் ஊர் நூலகத்தில் இருந்திருந்தால் இத்தவறு நேராது. தெளிப்பான் ஒருமுறை நிரம்புவதற்கு ஆகும் செலவை நீங்கள் அறிவீர்கள். புத்தகத்தின் விலையை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனிப் பாம்புக்கு வருவோம். இதிலேதான் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 உயிர். இவர்களில் பெரும்பாலோர் நகரவாசிகள் அல்லர். வயலில் வேலை செய்வோரும், கிராமத்து வீடுகளில் உறங்குவோருமே. இவ்வளவு உயிர்களை வாங்குபவை பெரும்பாலும் நான்கு பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்நான்கையும் ஐயமின்றி அடையாளம் காணத் தெரிந்தவர்கள் இக்கூட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டால், பல கைகள் உயரும். ஆனால் மண்ணுளிப் பாம்பைக் கண்ணாடிவிரியன் என்று எண்ணி அடித்துப் போட்டதையும், எலி பிடிக்க வந்த சாரையை நாகத்தின் ஆண் என்று துரத்தியதையும் நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். சாரை வேறு இனம், நாகம் வேறு இனம். நாகத்தில் ஆணும் நாகமே, பெண்ணும் நாகமே. இச்சிறு செய்தி தெரியாமையால் எத்தனை சாரைகள் மாண்டன, எத்தனை மூட்டை நெல்லை எலிகள் தின்றன என்பதற்குக் கணக்கில்லை.

கட்டுவிரியனைப் பற்றி ஒரு செய்தி. அது இரவில் நடமாடுவது. தரையில் படுத்துறங்குவோரைக் கடிப்பது. அதன் கடி பல சமயங்களில் வலிப்பதே இல்லை. விடியற்காலையில் வயிற்று வலி என்றோ, கண்ணிமை திறக்கவில்லை என்றோ எழுந்தவரைப் பாம்பு தீண்டியது என்று வீட்டார் ஐயுறுவதற்குள் நேரம் கடந்துவிடும். இதனை அறிந்த ஒருவர் ஊரில் இருந்தால் ஓர் உயிர் பிழைக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். கடிபட்டவரைத் திண்ணையில் கிடத்திவிட்டுப் புத்தகத்தைப் புரட்டலாகாது. பாம்பை அடித்து எடுத்துச் செல்லவும் வேண்டா. நம் நாட்டில் செய்யப்படும் நச்சுமுறிவு மருந்து மேற்சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது. கடிபட்டவரை அசையாது வைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே செய்ய வேண்டியது. அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சைச் சேகரித்துத் தருபவர்களில் முதன்மையானவர்கள் செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் மக்கள். 1978-இல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் இப்பணியைச் செய்து வருகிறது. பாம்பு நூலைப் படிக்க வேண்டிய காலம் கடிபடுவதற்கு முந்திய காலமேயாகும்.

சரி, எந்நூல்களை வாங்குவது?

முதலில் தமிழ் நூல்கள். தமிழில் இத்துறையில் நூலே இல்லை என்று சிலர் கூறுகின்றனர். அது சரியன்று. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் விலங்குகளையும் செடிகொடிகளையும் பற்றிய கட்டுரைகள் நிரம்ப உள்ளன. அதனை இன்று விலை கொடுத்து வாங்க வேண்டுவதுகூட இல்லை. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நூலகத்தில் கணினி இருந்தால் அதில் இறக்கி வையுங்கள். பறவைகளுக்கு க. ரத்னம் எழுதிய ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ உண்டு. சு. தியடோர் பாஸ்கரன் அவர்களின் ‘தாமரை பூத்த தடாகம்’, ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்கு’ ஆகிய கட்டுரைத் தொகுதிகள், இத்துறையில் நுழைவோருக்கு ஏற்றவை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற்றவர், தமிழிலும் நேர்த்தியாக எழுதியிருக்கிறார்; அவர் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் பெயரில் தொகுக்கப்பட்டுள்ளன. தமிழாசிரியர் உள்ள ஊராயின், சங்க இலக்கியத்தில் வரும் செடிகொடிகளையும் பறவைகளையும் விலங்குகளையும் ஆராய்ந்த பி.எல். சாமியின் நூல்களையும் தேடிப் பெறலாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களைச் சொன்னார் என்று பள்ளியில் ஒப்பிக்கிறோம். அவற்றுள் எத்தனை நம் ஊர் வேலியில் நிற்கின்றன என்று பார்க்க அந்நூல்கள் உதவும்.

ஆங்கில நூல்களில் சாலிம் அலியின் பறவை நூல் 1941-இல் முதன்முதல் வெளிவந்து, பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருப்பது. பாம்புகளுக்கு ரோமுலஸ் விட்டேக்கரின் கையேடு. ஆங்கிலம் தெரியாதவருக்கு இவற்றால் என்ன பயன் எனலாம். படத்துக்கு மொழி இல்லை. படத்தைப் பார்த்து, ‘இது நம் ஏரிக்கு ஐப்பசியில் வருவதல்லவா’ என்று ஒரு கிழவர் சொல்லுவாரானால், அந்நூலை அவர் படித்தவரே ஆவார். செடிகொடிக்கு கேம்பிள் துரையின் சென்னை மாகாணத் தாவர நூலும், திருச்சி ராபினட் உலர்தாவரச் சாலையின் மாத்யூ அடிகளாரின் பெருநூலும் புகழ் பெற்றவை. ஆனால் அவை ஊர் நூலகத்துக்கு உரியவை அல்ல; கல்லூரிக்கு உரியவை. பளபளக்கும் அட்டையுடன் மேசை மேல் வைக்கும் பெரிய படப் புத்தகங்களையும் வாங்காதீர்கள். ஆப்பிரிக்கச் சிங்கத்தை நம் ஊர்ப் பிள்ளைகள் வேண்டுமட்டும் பார்த்தாயிற்று, கரிச்சானைத்தான் பார்க்கவில்லை. தொடக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நூல்கள் போதும். அவை சட்டைப்பைக்கோ பைக்கோ அடங்குவனவாக இருத்தல் நலம்.

நூலகக் கட்டடத்துக்குப் புதிதாக நிதி தேட வேண்டியதில்லை. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் சில நன்கு நடக்கின்றன. சிலவற்றில் பூட்டுத் தொங்குகிறது. ஓர் ஊரில் உள்ளே உர மூட்டைகளையே கண்டோம். சீர்காழியில் பிறந்த ரங்கநாதன், நூல்கள் பயன்படுவதற்காகவே உள்ளன என்பதைத் தம் நூலக விதிகளுள் முதலாவதாக 1931-இல் வைத்தார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மாடு இழுத்துச் சென்றதை இன்று நாம் பூட்டி வைக்கலாமா? மேலும், நீங்கள் தண்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே தண்டப்படுகிறது. ஆகையால் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் இன்ன நூல்கள் எங்களுக்கு வேண்டும் என்று மன்றத் தீர்மானம் போட்டுக் கேட்பது சலுகை கோருவதாகாது.

இவ்வலமாரிக்கும் உங்கள் கடமைக்கும் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்து, தன் எல்லையில் உள்ள உயிரினங்களையும் அவற்றைப் பற்றிய ஊராரின் அறிவையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். நாம் பார்த்த ஒரு பதிவேட்டில், கடலிலிருந்து ஐம்பது கல் தொலைவிலுள்ள ஊரின் கணக்கில் கடல் மீன்கள் இடம் பெற்றிருந்தன. எங்கிருந்தோ பார்த்தெழுதியது என்பது வெளிப்படை. எழுதியவரை நொந்து பயனில்லை. அவர் கையில் ஒரு நூலும் இருக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களைக் கேட்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

பெயரில்தான் பெருந்தொல்லை. செம்போத்து என்பதை ஓர் ஊரில் செண்பகம் என்கின்றனர். கரிச்சானை இரட்டைவால் குருவி என்பார் ஒரு சாரார், வலியன் என்பார் மற்றொரு சாரார். அச்சிட்ட நூலில் ஒரு பெயரே இருக்கும். உங்கள் ஊர்ப் பெயர் அங்கே இராது. ஆகவே ஒவ்வொரு நூலிலும் படத்தின் ஓரத்தில் உங்கள் ஊர் வழங்கும் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். நூலகப் புத்தகத்தில் எழுதலாகாது என்பது பொது விதி. இவ்வலமாரிக்கு மட்டும் அவ்விதியைத் தளர்த்த வேண்டுகிறோம். ஆடு மேய்ப்பவர், வலை வீசுபவர், பச்சிலை பறிக்கும் பாட்டி ஆகியோர் சொல்லும் பெயர்களுக்கே முதலிடம். அவர்களுக்குப் பின் அப்பெயர்களைச் சொல்வார் இரார்.

பாதுகாப்புப் பற்றிச் சில சொற்கள். இரும்பு அலமாரியாயினும் சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். கரையான் சுவர் வழியே வரும். ராமபாணப் பூச்சிக்குப் பசை பிடிக்கும். வசம்புத் துண்டுகளை அடுக்குகளில் போட்டு வைப்பது நம் முன்னோர் ஏட்டுச்சுவடிகளுக்குச் செய்த முறை, இன்றும் செய்யலாம். மழைக்காலம் முடிந்ததும் நூல்களை நிழலில் விரித்து உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் படத்தின் வண்ணம் போய்விடும். வண்ணம் போனபின் பாம்பும் பறவையும் ஒன்றாகிவிடும். எல்லாவற்றினும் மேலாக, நூல்கள் வயலுக்குப் போய்ச் சேறு படிந்து வந்தால் நூலகரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வேடந்தாங்கல் ஊரார் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடலாகாது என்று முறையிட்டு, 1798-இலேயே அன்றைய கலெக்டரிடம் உறுதி பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாவதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். அதனை அவர்களுக்கு எந்நூலும் கற்பிக்கவில்லை என்று நீங்கள் கூறலாம், உண்மையே. மாட்டுக்குப் போடும் டைக்லோபெனாக் என்னும் வலிமருந்து, அம்மாட்டின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றொழித்ததை எந்த ஊராரும் கண்ணால் கண்டறிய முடியவில்லை. ஆய்வாளர் கண்டு எழுதிய பிறகே 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. கண்ணால் காண்பதும் வேண்டும். எழுதியதைப் படிப்பதும் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பினால் வலசைப் பறவைகள் வந்திறங்கும். அதற்குள் பறவை நூல் ஒன்றும், பாம்பு நூல் ஒன்றும், கோடிட்ட தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றும் வாங்கிவிடுங்கள். நோட்டின் முதற் பக்கத்தில் ஊரின் பெயரையும் ஏரியின் பெயரையும் எழுதி, நாளைக் குறித்து, அன்று ஏரிக்கரையில் கண்ட பறவைகளை எழுதத் தொடங்கலாம். பள்ளிப் பிள்ளைகள் இருவரை அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கண் நம் கண்ணைவிடக் கூர்மையானது. நூல் பட்டியல் நம்மிடம் தட்டச்சில் இருக்கிறது. வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் பெற்றுக்கொள்ளலாம்.