பல்லும் ஈறும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மணிமுத்தாற்று அணைக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய இடங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுத்த குடும்பத்தார் பலர் இன்று இங்கு வந்திருக்கின்றனர். 1929-ஆம் வருஷத்தில் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா கம்பெனியார் 99 வருஷக் குத்தகைக்குப் பெற்ற அம்மலையில், 2024-ஆம் வருஷத்தில் தேயிலைத் தொழில் நின்றுபோயிற்று. அதன்பின் இறங்கி வந்தோர்க்கு வீடு, வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று எத்தனையோ கவலைகள் இருக்கின்றன. இவற்றுக்கிடையே பல்லைப் பற்றிப் பேச வந்தோமே என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் தோட்டத்து மக்களின் பல்லைப் பற்றிய விஷயம் உலகத்துப் பல் வைத்திய நூல்களிலெல்லாம் ஏறியிருக்கின்றது என்பதை நம்மில் அநேகர் அறியார். அதனை இச்சபையில் எடுத்துரைப்பது நம் கடமையெனக் கருதுகின்றோம்.

அந்த ஆராய்ச்சி நடந்தது நம் மலையிலன்று. கடலுக்கப்பால் இலங்கையின் மலைநாட்டிலாகும். அந்நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைப்போர் பெரும்பாலும் நம் தமிழ் ஜில்லாக்களிலிருந்து சென்றோரின் வழிவந்தவர்களே. நார்வே தேசத்துப் பல் வைத்திய அறிஞரான ஹரால்ட் லோ என்பவரும் அவரைச் சேர்ந்தோரும் 1970-ஆம் வருஷத்தில் இரண்டு தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தனர். பிறகு 1985 வரையில் மீண்டும் மீண்டும் சென்று பார்த்து வந்தனர். இவர்கள் பல்லைச் சுத்தம் செய்யும் வழக்கமே இல்லாதவர்கள். இனிப்புப் பண்டங்களும் அக்காலத்தில் இவர்களுக்கு அரிது. அதனால் சொத்தைப் பல் என்பது இவர்களிடம் ஏறக்குறைய இல்லை. சொத்தையே இல்லாதவர்க்குப் பல் விழலாமோ? விழுந்தது! நூற்றுக்கு 8 பேருக்கு இருபது வயதிலிருந்தே பல் ஆடி விழத்தொடங்கி, நாற்பத்தைந்து வயதிற்குள் வாயே வெறுமையாயிற்று. நூற்றுக்கு 81 பேருக்கு நோய் மெல்ல மெல்ல முன்னேறி, முப்பது வயதுக்குமேல் பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எஞ்சிய 11 பேருக்கு மட்டும் ஒன்றும் நேரவில்லை.

இந்தப் பதினொருவரைச் சற்றே கவனிக்கவேண்டும். "எங்கள் பாட்டனார் அடுப்புக்கரியால் ஒருநாள் விளக்குவார், ஒருநாள் அதுவும் இல்லை, எண்பது வயதில் கரும்பு கடித்தார்" என்று சொல்லாத ஊர் நம் நாட்டில் இல்லை. அப்பாட்டனார் அப்பதினொருவரைச் சேர்ந்தவர். அவரது தேகத்தின் வாசி அது. பேரனுக்கும் அதே வாசி வாய்க்கும் என்பதற்கு எவரும் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை.

அதே காலத்தில் நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில், சிறு வயது முதல் பிரஷ்ஷினால் பல் துலக்கி வைத்தியரிடமும் தவறாது சென்றுவந்த மாணவர்களையும் உபாத்தியாயர்களையும் அவர்கள் அளந்தனர். பல்லின் வேரைத் தாங்கும் பிடிப்பு எவ்வளவு விலகியிருக்கின்றது என்பதே அவ்வளவு. நாற்பது வயதை எட்டுகையில் நார்வேக்காரருக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டரும், தோட்டத்து மனிதருக்கு ஏறக்குறைய நான்கரை மில்லிமீட்டரும் விலகியிருந்தன. வயதானால் பல் விழும் என்று நாம் சொல்லிக்கொள்வது எத்தகைய தேறுதல் வார்த்தை என்பது இதனால் விளங்கும்.

இனி, நோய் பிறக்கும் விதத்தைச் சொல்வோம். உண்டபின் பல்லின்மேல், விசேஷமாகப் பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில், கிருமிகள் பெருகி வழுவழுப்பான ஒரு படலமாகப் படிகின்றன. நாவினால் தடவினால் தெரியும். தண்ணீரால் கொப்பளித்தால் அது போகாது, தேய்த்தே எடுக்கவேண்டும். எடுக்காமல் விட்டால், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதிலேறிக் காரையாக இறுகும். கிருமிகளின் நஞ்சினால் ஈறு சிவந்து வீங்கும். தொட்டால் இரத்தம் கசியும். 1965-ஆம் வருஷத்தில் டென்மார்க்கில் இதே லோ என்பவர் ஆரோக்கியமான சிலரைப் பல் துலக்காதிருக்கச் செய்தார். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் எல்லாருடைய ஈறும் வீங்கிற்று. மறுபடி துலக்கத் தொடங்கியபின் ஒரு வாரத்தளவில் அவ்வீக்கம் வற்றிவிட்டது. ஆகவே தொடக்கத்தில் இந்நோய் நம் கையினாலேயே தீரத்தக்கது. எலும்பைத் தின்று உள்ளே இறங்கிய பின்னரோ இழந்தது திரும்பாது; மேலும் இழக்காமல் காக்கத்தான் முடியும்.

இதில் ஒரு கொடுமை யாதெனின், இந்நோயில் வலி இல்லை. சொத்தையானால் இராத்திரி முழுவதும் தூங்கவிடாது, வைத்தியரிடம் ஓடுவோம். ஈற்று நோயோ இரத்தம் ஒன்றைத்தான் அடையாளமாகக் காட்டும். அதைக் கண்டதும் நாம் செய்வது என்ன? "உஷ்ணம் ஏறிவிட்டது" என்று சொல்லி, அவ்விடத்தைத் தொடாமல் விட்டுவிடுகின்றோம். செய்யவேண்டியது இதற்கு நேர் எதிரானது. இரத்தம் கசியும் இடத்திலேதான் மெல்லிய மயிருள்ள பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, ஈற்றோரத்தில் சிறு சிறு அசைவாக, அழுத்தாமல் துலக்கவேண்டும். இரண்டு வாரமாகியும் நிற்காவிடில் வைத்தியரிடம் காட்டவேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஈறு எளிதில் கசியும். அவர்கள் துலக்குவதை நிறுத்தலாகாது. நீரிழிவுள்ளவர்களுக்கு இந்நோய் கடுமையாகும். ஈற்று நோயும் தன் பங்கிற்கு நீரிழிவை அடக்கவொட்டாது.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதியென்பது நம் முன்னோர் வாக்கு. அதனை நாம் பழிக்க வரவில்லை. நுனியை நன்றாக மென்று தூரிகைபோலாக்கித் தேய்த்தால் முன்பல் சுத்தமாகும். கடைவாய்ப் பல்லின் உட்புறத்திற்கு அது எட்டுவதில்லை என்பதே குறை. செங்கற்பொடியும் கரியும் மணலும் வேறு சங்கதி. அவை பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். பின்பு குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் கூசும். புகையிலை கலந்த பல்பொடிகளை இந்திய அரசாங்கம் 1992-லேயே தடை செய்துவிட்டது. ஆயினும் புகையிலைத் தூளால் ஈற்றைத் தேய்க்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் ஒழியவில்லை.

காலையில் துலக்குவதை நாம் மறப்பதில்லை. இரவில் துலக்குவாரோ வெகு சிலர். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுகின்றது. வாயைக் கழுவும் இயற்கைக் காவல் இல்லாத அவ்வேழெட்டு மணி நேரமும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியுமென்றால் இரவுத் துலக்கலையே தேர்ந்துகொள்ளுங்கள் என்போம். புளோரைடு சேர்ந்த பற்பசையால் இரண்டு நிமிஷம் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் கொண்டு அதிகம் கொப்பளிக்காமல் படுப்பது உத்தமம்.

தேநீரைப் பற்றி நம்மவர்க்கு ஓர் ஐயம் எழும்: வாழ்நாளெல்லாம் நாம் பறித்த தேயிலையே நம் பல்லுக்குப் பகையோ? பகையன்று. தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைடை ஈர்த்து இலையில் வைத்திருக்கும் இயல்புடையது. தேநீரால் பல்லில் ஏறும் கறை கறையே தவிர சொத்தையன்று. பகை அதில் விழும் சர்க்கரை. அதிலும் எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதே பெரிது. ஒவ்வொரு தடவை இனிப்புப் பட்டதும் கிருமிகள் புளிப்பை உண்டாக்கி, ஏறக்குறைய அரைமணி நேரம் பல்லை அரிக்கும். சுவீடனில் விபெஹோல்ம் என்னும் இடத்திலிருந்த மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் 1940-களில் தொடங்கி நடத்தி 1954-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, உணவோடு உண்ட சர்க்கரையைவிட இடைவேளைகளில் மென்ற ஒட்டும் மிட்டாயே சொத்தையைப் பெருக்கிற்று என்று காட்டியது. அங்கிருந்தோரின் சம்மதமின்றி அது நடந்தது. அறிவு கிடைத்ததாயினும் வழி நியாயமன்று. ஒரு நாளைக்கு ஆறு தடவை சர்க்கரைத் தேநீர் குடிப்பவர், அதை இரண்டாக்கி, மற்றவற்றைச் சர்க்கரையில்லாமல் குடிக்கட்டும். இலங்கைத் தோட்டத்தாருக்குச் சொத்தை இல்லாதிருந்த பாக்கியம், ஐந்து ரூபாய்க்கு இனிப்புப் பொட்டலம் தொங்கும் கடைத்தெருவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இல்லை.

பிள்ளைகளின் விஷயத்தில் தாய்மார்கள் அறியவேண்டியது ஒன்றுண்டு. ஆறு வயதளவில், பாற்பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் சத்தமின்றி முளைக்கும். அது பாற்பல் அன்று. ஆயுள் முழுதும் இருக்கவேண்டியது. "விழுகிற பல்தானே" என்று எண்ணி விட்டுவிடுவதால், பத்து வயதிற்குள் அதைச் சொத்தைக்குக் கொடுத்த பிள்ளைகள் அநேகர். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு பசையும், அதற்குமேல் ஆறு வயதுவரை பட்டாணியளவும் போதும். ஏழெட்டு வயதுவரை பெரியவர்களே கூட நின்று துலக்கிவிட வேண்டும்.

வெற்றிலையைப் பற்றிச் சொல்லாது போவது முறையன்று. மலைக்குளிரிலும் மழையிலும் நாள் முழுதும் நின்று வேலை செய்தவர் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்ட ஒரு சுருளைக் குற்றமென்று சொல்ல நமக்கு வாய் எழவில்லை. சபையில் தாம்பூலம் மரியாதை என்பதையும் அறிவோம். ஆயினும் உண்மையை மறைப்பது சிநேகமாகாது. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு தானே புற்றுநோயை விளைப்பது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வெளியிட்ட நூலில் தீர்த்துச் சொல்லியிருக்கின்றது. வருஷக்கணக்கில் பாக்கு மென்றவர்க்குக் கன்னத்தின் உட்புறம் தோல்போல் இறுகி, வாய் திறப்பது குறுகும். காரம் பட்டால் எரியும். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல்வரிசை கீழ்வரிசைப் பற்களுக்கிடையே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையானாலும், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலும், ஒரு புண் மூன்று வாரமாகியும் ஆறாவிட்டாலும், தாமதமின்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். மலையிலிருந்தபோது அதற்கு ஒருநாள் கூலியும் பஸ்ஸில் நெடும் பிரயாணமும் செலவாயின. இப்போது சமவெளியில் இருப்போர்க்கு அந்தத் தடை பெரிதில்லை.

போகத் தயங்குவோர் இரண்டு காரணம் சொல்லக் கேட்டிருக்கின்றோம். மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் மங்கும் என்பது ஒன்று. பல்லுக்கும் பார்வைக்கும் அத்தகைய நரம்பு உறவு இல்லை. காரை எடுத்தால் பல் ஆடும் என்பது மற்றொன்று. இதில் கண்ணுக்குத் தெரியும் உண்மை ஒன்று இருப்பதால்தான் நம்பிக்கை நீடிக்கின்றது. நோயால் ஏற்கெனவே பிடிப்பிழந்த பல்லைக் காரைதான் பக்கத்துப் பல்லோடு ஒட்டவைத்திருந்தது. வீங்கிய ஈறு இடைவெளியை மறைத்திருந்தது. காரை போய் வீக்கமும் வற்றியபின் உள்ள நிலை வெளிப்படுகின்றது. சில நாள் கூசும். பிறகு ஈறு இறுகும். குண்டூசியாலும் ஊக்காலும் வீட்டில் தாமே காரையைக் கிளறுவது மட்டும் வேண்டா.

பல்லை இழந்து செயற்கைப் பல்வரிசை கட்டிக்கொண்ட முதியோர் இரவில் அதைக் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, சுத்தமான தண்ணீரில் போட்டுவைத்து உறங்கவேண்டும். வெந்நீரில் போட்டால் அது கோணிப்போகும். பல் இல்லாத ஈற்றையும் நாவையும் ஈரத்துணியால் தினமும் துடைத்து, வருஷத்துக்கு ஒருமுறையேனும் வைத்தியரிடம் வாயைத் திறந்து காட்டுவது அவர்களுக்கும் உரியதே.