கேட்பது என்றால் இரண்டு அர்த்தம்

(சேரி மன்றம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'மன்றக் கூட்டங்கள் நமக்கு என்ன செய்தன, இனி என்ன செய்ய வேண்டும்' என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் பேசுங்கள் என்றார்கள். நான் அரைமணி நேரத்தில் முடித்துக்கொள்கிறேன். மீதி அரைமணி உங்களுடையது. ஏன் அப்படி என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தமிழில் 'கேள்' என்றொரு சொல். அதற்கு இரண்டு அர்த்தம். "சொல்றதைக் கேளு" என்றால் வாயை மூடிக்கொண்டு நட என்று பொருள். "ஏன்னு கேளு", "கூலியைக் கேளு" என்றால் எழுந்து நில் என்று பொருள். நம்மிடம் ஊர்க்காரன் தலைமுறை தலைமுறையாக முதல் அர்த்தத்தை மட்டும்தான் பேசினான். இரண்டாவதைப் பேசியபோதெல்லாம் குடிசை எரிந்தது, வேலை நின்றது, கடையில் சாமான் தர மறுத்தார்கள்.

அதற்கும் முன்னால், காதால் கேட்கிற உரிமைகூட நமக்கு இருக்கவில்லை. கௌதம தர்மசூத்திரம் என்று ஒரு சட்டப் புத்தகம். வேதம் ஓதுவதைச் சூத்திரன் வேண்டுமென்று கேட்டால் அவன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்று என்கிறது. அவன் ஓதினால் நாக்கை அறு. மனதில் வைத்திருந்தால் உடலைப் பிள. சூத்திரனுக்கே இந்தத் தண்டனை என்றால் வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பார்ப்பனியம் எதைக் கண்டு பயந்தது என்பதைக் கவனியுங்கள். கேட்பது, வாய்விட்டுச் சொல்வது, நினைவில் வைப்பது. இந்த மூன்றும்தான் ஒரு கூட்டம். இந்தக் கீற்றுக் கொட்டகையில், நம் பெயர்ப் பலகைக்குக் கீழே இத்தனை பேர் உட்கார்ந்திருப்பது சாதாரண காரியம் இல்லை. பலகை வைத்தால் போலீஸ் வருகிறது, கொடி ஏற்றினால் தாசில்தார் வருகிறார் என்றால் அவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. அமைதியாகக் கூடுவதும் சங்கம் வைப்பதும் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு தருகிற உரிமை. யாரும் போட்ட பிச்சை இல்லை.

நமக்குக் கூட்டம் நடத்தத் தெரியாது, யாரோ வந்து சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்குப் பண்டிதர் அயோத்திதாசர் போனார். எல்லோருக்கும் பொதுவான கடவுள் என்கிறீர்களே, எங்களை ஏன் சிவன் கோயிலுக்குள்ளும் விஷ்ணு கோயிலுக்குள்ளும் விடுவதில்லை என்று கேட்டார். சபையில் கூச்சல். உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறார்களே என்று பதில் வந்தது. பண்டிதர் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடமும் எங்கள் மக்களுக்குத் தரிசு நிலமும் கொடுங்கள் என்றார். ஒரே ஒரு மனிதர், அத்தனை பெரிய மனிதர்கள் நடுவில். பேச்சாளராகப் போய் மாலை வாங்கிக்கொண்டு வரவில்லை; கேள்வி கேட்கிறவராகப் போனார்.

அவரே 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். வாரப் பத்திரிகை, விலை ஒரு பைசா. வாசகர்கள் சந்தேகம் கேட்டு எழுதினார்கள். பண்டிதர் விடை எழுதினார். இந்தப் பத்திரிகையும் பௌத்த சங்கமும் போய்ச் சேர்ந்த முக்கியமான இடம் கோலார் தங்கவயல். வடாற்காட்டுப் பக்கத்திலிருந்தும் மற்ற பக்கங்களிலிருந்தும் பண்ணை அடிமைத்தனத்தை உதறிவிட்டுப் போன நம் ஆட்கள் பூமிக்கடியில் பாறை உடைத்தார்கள். மேலே வந்து மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் சங்கம் வைத்தார்கள், சொற்பொழிவு நடத்தினார்கள், புத்தகம் அச்சடித்தார்கள். 1914இல் பண்டிதர் மறைந்து சில காலத்தில் நின்றுபோன 'தமிழன்', 1920களில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அந்தத் தங்கவயலிலிருந்து மறுபடி வந்தது. 2001இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆனால் சுரங்கத் தொழிலாளி வைத்த சங்கமும் அச்சடித்த எழுத்தும் இல்லையென்றால் பண்டிதரின் பெயரே நமக்கு வந்து சேர்ந்திருக்காது. 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வரும்வரை பல்கலைக்கழகங்களில் எத்தனை பேர் அவரைப் படித்தார்கள்?

அடுத்தது புரட்சியாளர் அம்பேத்கர். 1924இல் பம்பாயில் 'பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா' என்ற அமைப்பைத் தொடங்கினார். அது முதலில் செய்த வேலைகள் என்ன? மாணவர் விடுதி, இலவசப் படிப்பகம், ஒரு ஹாக்கிக் கழகம். ஆமாம் தம்பி, ஹாக்கிதான். "மன்றத்துல கேரம் போர்டு போட்டா பசங்க கெட்டுப்போவாங்க" என்று சொல்கிற பெரியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேரம் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு புத்தக அலமாரி இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

மூன்று வருஷம் கழித்து 1927 மார்ச் 19, 20. மகாத் நகரில் மாநாடு. அந்த ஊர்ச் சவதார் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி 1924லேயே தீர்மானம் போட்டிருந்தது. 1923இல் பம்பாய் சட்டமன்றமும் பொதுக் குளம், கிணறு பற்றித் தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில் தூங்கியது. நம் ஆள் ஒருவரும் ஒரு கை தண்ணீர் அள்ள முடியவில்லை. மாநாட்டுக்கு வந்தவர்கள் இரண்டாம் நாள் பேச்சை முடித்துக்கொண்டு வரிசையாக நடந்து போய்க் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். திரும்பி வந்தவர்களைச் சாதி இந்துக்கள் தடியால் அடித்தார்கள். பிறகு 108 குடத்தில் மாட்டு மூத்திரமும் சாணியும் கலந்த பஞ்சகவ்யத்தை ஊற்றிக் குளத்தைத் 'தீட்டுக் கழித்தார்கள்'. வழக்கு 1937 வரை நடந்து உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. அந்த மாநாட்டில் அம்பேத்கர் பேசியதை மட்டும் கேட்டுவிட்டு எல்லோரும் ரயிலேறியிருந்தால் மகாத் என்ற பெயர் இன்று யாருக்குத் தெரியும்?

இதை வைத்து நம் கூட்டங்களைப் பார்ப்போம். கசப்பாக இருந்தாலும் பேச வேண்டும்.

ஏப்ரல் 14 வந்தால் கூட்டம், டிசம்பர் 6 வந்தால் கூட்டம். நோட்டீசில் முப்பது பெயர். பெயர் விட்டுப்போனவர் கோபித்துக்கொண்டு வரமாட்டார். வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை, சால்வை. சிறப்புப் பேச்சாளர் எழுந்திருக்கும்போது மணி பத்து. சட்டப்படி மைக்கை நிறுத்த வேண்டிய நேரம். முன்வரிசை நாற்காலியில் கரை வேட்டி. தாய்மார்கள் ஓரமாகத் தரையில். கடைசியில் நன்றியுரை. இதில் கேள்வி எங்கே இருக்கிறது? ஊரில் கைகட்டிக் கேட்டோம், இங்கே கைதட்டிக் கேட்கிறோம். பேசுகிறவர் நம்மவர் என்பது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறவரின் நிலைமை மாறாமல் விடுதலை எப்படி வரும்?

ஆகவே மன்றத் தோழர்கள் முன்னால் சில கோரிக்கைகளை வைக்கிறேன்.

பேச்சுக்குப் பாதி நேரம், கேள்விக்குப் பாதி நேரம். இதுவரை கூட்டத்தில் வாயே திறக்காத ஒருவருக்குத்தான் முதல் கேள்வி. "படிக்காதவங்க என்ன கேப்பாங்க" என்று நினைக்காதீர்கள். நடவு நடுகிறவருக்குக் கூலிக் கணக்கு தெரியும். எந்தப் பேச்சாளரையும் திணற வைக்கிற கேள்வி அவரிடம் இருக்கிறது.

இரண்டாவது, நேரம். ராத்திரி ஏழு மணிக்குக் கூட்டம் என்கிறீர்கள். களையெடுத்துவிட்டு வந்து அடுப்பு பற்ற வைக்கிற நேரம் அது. பிறகு "பொம்பளைங்க வரமாட்டேங்கிறாங்க" என்று குறை. 1942 ஜூலை 20ஆம் தேதி நாகபுரியில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு நடந்தது. தலைமை சுலோச்சனாபாய் டோங்ரே. ஒரு சமூகம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை அதன் பெண்களின் முன்னேற்றத்தை வைத்துத்தான் அளப்பேன் என்ற கருத்தை அம்பேத்கர் அங்கேதான் சொன்னார். அந்த அளவுகோலை இந்தக் கொட்டகையில் வைத்துப் பாருங்கள். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பகலில் நடக்கட்டும். அன்றைக்கு ஒரு வேளை ஆம்பிளைகள் உலை வைக்கட்டும், குடி ஒன்றும் முழுகிப்போகாது.

மூன்றாவது, மாதம் ஒரு காகிதம். பேச்சாளர் கிடைக்கவில்லை என்று கூட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு காகிதத்தை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. அதில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களில் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் என்னென்ன உரிமை என்று 15ஏ பிரிவு சொல்கிறது. புகார் கொடுத்தவருக்கு எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். இது தெரியாமல் ஸ்டேஷன் வாசலில் நாள்கணக்கில் நிற்கிறோம். இன்னொரு மாதம் நிலம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. அதன்படி கொடுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம், டி.சி. நிலம். நம் கிராமத்தில் அது எந்தச் சர்வே எண், இப்போது யார் கையில்? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மன்றத்துப் பிள்ளைகள் ஒரு மனு எழுதட்டும். அந்தப் பதிலை அடுத்த கூட்டத்தில் படியுங்கள். அப்போது பாருங்கள், யார் யார் கூட்டத்துக்கு வருகிறார்கள், யார் யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று.

நான்காவது, ஒரு நோட்டு. தேதி, வந்தவர்கள், கேட்ட கேள்வி, சொன்ன பதில், முடியாமல் நின்ற வேலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று முதலில் மறுத்தவர்கள், டீக்கடையில் தனிக் குவளையைத் தூக்கி எறிந்தவர்கள் இந்தத் தெருவிலேயே கிழவர்களாக இருக்கலாம். அவர்களைப் பேசவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். நினைவில் வைத்தால் உடலைப் பிள என்றான் இல்லையா, அதற்கு நம் பதில் இந்த நோட்டு.

ஐந்தாவது, பணம். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு நடத்துங்கள். பந்தலும் மைக்கும் வாங்கிக் கொடுப்பவன் தலைப்பையும் அவனே முடிவு செய்வான். தேர்தல் வந்தால் நம் மன்றமே அவனுக்குப் பூத் கமிட்டி ஆகிவிடும்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் போனால் நான் வந்ததற்கு அர்த்தம் இல்லை. இந்தக் கூட்டத்துக்கு அருந்ததியர் தெருவிலிருந்து யார் வந்திருக்கிறார்கள்? அவர்களை யாராவது போய்க் கூப்பிட்டீர்களா? 2009இல் 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு அவர்களுக்குத் தனியாக ஒதுக்கப்பட்டது. அதைப் பற்றி நமக்குள் வருத்தம் இருக்கலாம், வாதம் இருக்கலாம். அந்த வாதத்தை டீக்கடையில் முணுமுணுக்காமல் அவர்களையும் எதிரில் உட்காரவைத்து இங்கே பேசுங்கள். ஊர் நமக்குச் செய்ததை நாம் இன்னொரு தெருவுக்குச் செய்துவிட்டு அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டால் அந்த மாலைக்கு மரியாதை இல்லை. மகாதில் குளம் எல்லோருக்கும் பொது என்று சொல்லித்தான் இறங்கினார்கள்.

என் அரைமணி முடிந்தது. நன்றியுரையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் தோழர். மைக் வேண்டாம், அணைத்துவிடுங்கள். இந்தக் கொட்டகைக்கு நம் குரலே போதும். அங்கே தூண் பக்கத்தில் ஒரு அக்கா முன்னமே கையைத் தூக்கிவிட்டு எறக்கிட்டாங்க. நீங்க ஆரம்பிங்க அக்கா. உக்காந்துகிட்டே கேக்கலாம், எழுந்து நின்னும் கேக்கலாம். நாங்க கேக்குறோம்.

ஜெய்பீம்.