உப்பும் உயிரும்: குருதிச் சோடியம் உணர்த்துவது என்ன?



தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் மகனிடம் மருத்துவர், "அம்மாவுக்கு உப்புக் குறைந்துவிட்டது" என்கிறார். "கஞ்சியில் சற்றுக் கூடுதலாக உப்புப் போட்டுக் கொண்டுவரட்டுமா, டாக்டர்?" என்று மகன் கேட்கிறார். அன்பில் எழுந்த வினாதான். எனினும் ஒரு சொல் அவரைத் திசைதிருப்பிவிட்டது.

குருதியில் சோடியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை. இவ்வெண் உடலிலுள்ள உப்பின் மொத்த அளவன்று. நீரோடு அது கொண்டுள்ள விகிதம். கடும் நோயின்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் ஒரு ஹார்மோன், நீரை வெளியேற்றாமல் தேக்கும்படி சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. அதனால் சோடியம் நீர்த்துப்போகிறது. ஆகவே பலருக்கு நேர்வது உப்புப் பஞ்சமன்று, நீர் மிகுதியே. மகன் கொண்டுவரும் கஞ்சியிலும் பெரும்பகுதி நீர்தானே!

சோடியம் விரைந்து தாழ்ந்தால் மூளைச் செல்களுக்குள் நீர் புகுந்து அவை வீங்கும். மண்டையோடோ விரிந்து இடங்கொடாது. குழப்பமும் வலிப்பும் தோன்றும். உயிருக்கே ஊறு நேரலாம். அளவு 145ஐக் கடப்பதும் தீங்கே. செயற்கைச் சுவாசத்தில் மயங்கிக் கிடப்பவர் "தாகம்" என்று சொல்ல இயலாதவர். அவர்தம் தாகத்தைப் பிறரே கணித்தறிய வேண்டும்.

ஆஸ்திரியாவின் 77 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒன்றரை லட்சம் நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த ஆய்வு, சோடியம் சிறிதளவு ஏறினாலும் இறங்கினாலும் இறப்பு வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. ஆயினும் மாணவர்கள் ஒன்றை மறத்தலாகாது: உடன் நிகழ்வன எல்லாம் காரணங்கள் ஆகா. இதயமும் கல்லீரலும் சிறுநீரகமும் தளர்ந்திருப்பதை அறிவிக்கும் மணியோசையாகவும் அவ்வெண் இருக்கலாம். மணியை நிறுத்துவதால் தீ அணையாது.

எண்ணை விரைந்து சரிசெய்வதிலும் இடருண்டு. நாட்பட்ட குறைவை அவசரமாக உயர்த்தினால் மூளைத்தண்டின் நரம்புறைகள் சிதையக்கூடும். 1959இல் ஆடம்ஸ் குழுவினர் விவரித்த அச்சிதைவுக்கு விரைவான திருத்தமே காரணமாகலாம் என்பது பின்னரே புலப்பட்டது. எனவேதான் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயர்த்தாமல் மருத்துவர்கள் காக்கின்றனர்.

"உப்புக் குறைந்தது" என்பதற்கு மாறாக, "குருதியில் நீர் மிகுந்து, உப்பு நீர்த்துவிட்டது, மெல்லத்தான் சரிசெய்ய வேண்டும்" என்று கூறியிருந்தால் அம்மகனுக்குக் காரணமும் விளங்கியிருக்கும், காத்திருக்கும் பொறுமையும் வாய்த்திருக்கும். அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் நாம், கலைச்சொல்லோடு அதன் பொருளையும் சேர்த்தே கொடுப்போம்.