குளிர்நீரும் பெருங்காற்றும்: ஈரி ஏரியின் தூண்டிற்கலை



தூண்டில் என்றவுடன் அசைவற்ற குளக்கரையும் மரநிழலும் மனக்கண்ணில் தோன்றுதல் இயல்பு. அவ்வமைதிக்கு முற்றிலும் மாறானது, வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் நவம்பர்த் திங்களில் 'பாஸ்' மீனை நாடிப் படகேறுவோரின் தொழிற்பாடு. அமெரிக்காவிற்கும் கனடாவிற்கும் இடையே கிடக்கும் இவ்வேரி ஏறத்தாழ 25,700 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஆயினும் அங்குள்ள ஐம்பேரேரிகளுள் ஆழம் குறைந்தது இதுவே. சராசரி ஆழம் 19 மீட்டர்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. இவற்றைப் பாட்டின் பின்திரை என்றே பலரும் கொள்கின்றனர். ஈரி ஏரியில் தூண்டிலிடுவோர் அந்நூலை அறியார். எனினும் நிலமும் பொழுதுமே வினையை முடிவு செய்வன என்பதை அவர்கள் கைகள் அறியும்.

மீனுக்குத் தனக்கென உடற்சூடு இல்லை. நீரின் சூடே அதன் சூடு. கோடையில் இரையைத் துரத்தித் திரியும் சிறுவாய் பாஸ், நீர் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிரும்போது ஆழ்ந்த பாறைச் சரிவுகளில் கூட்டமாக ஒடுங்குகிறது. விரைந்தோடும் பொய்யிரையை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எனவே, ஈயக்குண்டு பூட்டிய சிறு இரையைத் தரையருகே இறக்கி, ஏறக்குறைய அசையாமல் நிறுத்துகின்றனர். மீன் கவ்வுவதும் வெடுக்கென்ற இழுப்பாக வருவதில்லை. நரம்பில் ஏறிய ஒரு சிறு கனமாகவே விரலுக்குப் புலப்படுகிறது.

அந்த நுண்ணுணர்வைத்தான் காற்று பறிக்கிறது. அது படகைத் தள்ளும்; நரம்பை வில்லென வளைக்கும்; வளைந்த நரம்பில் அச்சிறு கனம் தெரியாது. குண்டின் எடையைக் கூட்டினால் நரம்பு நேராகும். ஆனால் இரையின் இயல்பான அசைவு கெடும். இவ்விரண்டிற்கும் இடையே, குடைபோல் விரியும் துணிப்பையை நீரில் இழுத்துப் படகின் ஓட்டத்தைத் தணித்துக்கொள்கின்றனர். குளிரில் விறைத்த விரல்களால் இத்தனையும் செய்ய வேண்டும்.

இத்துன்பத்தை ஏற்பதற்குக் காரணமும் உண்டு. பனிக்காலத்திற்கு முன் நன்கு மேய்ந்து கொழுத்த மீன்கள் கிடைக்கும் பருவம் இது. 2022 நவம்பர் 3 அன்று இவ்வேரியின் கனடாப் பகுதியில் பிடிபட்ட சிறுவாய் பாஸ் 10.15 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 4.6 கிலோகிராம், எடை இருந்தது. அத்தகைய செய்தி கேட்டவர் காற்றைப் பொருட்படுத்தாது புறப்பட எண்ணுவது வியப்பன்று.

ஆனால் ஏரியின் கிடக்கை வேறொன்றைச் சொல்கிறது. அது தென்மேற்கிலிருந்து வடகிழக்காக 380 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. தென்மேற்குப் பெருங்காற்று அந்நீளம் முழுதும் ஓடி, நீரைக் கிழக்கே பஃபலோ நகர்ப்பக்கம் குவிக்கும். மேற்கே டொலிடோவில் நீர் வற்றும். இரு முனைகளின் நீர்மட்டமும் 2 மீட்டருக்கு மேல் வேறுபடுவதுண்டு. ஆழமின்மையால் அலைகள் நெருங்கியும் செங்குத்தாகவும் எழும். தவறி வீழ்ந்தவருக்குக் குளிர்நீர் முதல் நிமிடத்தில் மூச்சைத் திணறடிக்கும். பத்து நிமிடங்களுக்குள் கைகால்களைச் செயலிழக்கச் செய்யும். மிதவை அங்கி அணியாதவர் நீந்த வல்லவராயினும் பிழைத்தல் அரிது.

ஆகவே, இக்கலையில் தேர்ந்தோர் எனப்படுவோர் பெருமீன் பிடித்தவர் மட்டுமல்லர். விடியலில் துறைக்கு வந்து, வானிலை அறிவிப்பைக் கேட்டு, அலையின் நிறத்தையும் காற்றின் திசையையும் நோக்கி, படகை நீரில் இறக்காமலே திரும்புவோரும் அவருள் அடங்குவர். பிடித்த மீனின் எடை பதிவேட்டில் நிற்கும். திரும்பிய நாளுக்குப் பதிவேடு இல்லை. ஆயினும் அந்நாளின் மாலையில் ஒரு வீட்டில் விளக்கேற்றி எவரும் கலங்கிக் காத்திருக்க நேர்வதில்லை.

காற்றையும் குளிரையும் பாட்டில் அமைக்கும் கவிஞர் இதனை எண்ணிப்பார்த்தல் தகும். அணியாக வந்த காற்றை நீக்கினாலும் பாட்டு நிற்கும். வினையை முடிவு செய்யும் காற்றை நீக்கினால், அங்கே பாட்டே இல்லை. முதற்பொருளை முதலில் வைத்த முன்னோர் கருத்தும் இதுவேயாகலாம்.