ஏ.ஐ.யிடம் கேட்கும்போது முழுசாகச் சொல்லுங்கள்
(மயிலாப்பூர் பகுதி ஊக்குநர் கூட்டத்தில் பேசியது)



தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவர் பேனாவைத் திறக்குமுன், "யாருக்கும்மா? என்ன விஷயம்?" என்று கேட்பார். 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடி பெரும்பாலும் கேட்காது. நாம் சொல்லாத இடத்தை அதுவே நிரப்பிவிடும்.

ஒரு குழுவில், "பேங்க் லோனுக்கு லெட்டர் எழுது" என்று மட்டும் கேட்டிருக்காங்க. நல்ல தமிழில்தான் வந்தது. ஆனால் உறுப்பினர் 20 பேர், சேமிப்பு 2 லட்சம் என்று இருந்தது. குழுவில் இருப்பதோ 12 பேர்! கையெழுத்துப் போடும்போதுதான் பிரதிநிதி பார்த்தாங்க. அப்படியே பேங்குக்குப் போயிருந்தால் பொய்க் கணக்கு கொடுத்த குழு என்று ஆகியிருக்கும்.

பிறகு உட்கார்ந்து மாற்றிக் கேட்டோம்:

"நாங்கள் மயிலாப்பூரில் 12 பேர் உள்ள மகளிர் சுய உதவிக் குழு. நவராத்திரிக்கு மாட வீதியில் கொலு பொம்மை விற்க 1 லட்சம் கடன் வேண்டும். முதல் கடனைத் தவணை தவறாமல் கட்டிவிட்டோம். வங்கி மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம், எளிய தமிழில். தெரியாத விவரத்தை நீயாக எழுதாதே, கோடு போட்டு விடு."

கடிதத்தில் இரண்டு இடத்தில் கோடு இருந்தது. தீர்மான நோட்டைப் பார்த்து நிரப்பினோம். அப்படியும் ஒரு தேதியை அதுவாகப் போட்டிருந்தது, அடித்தோம்.

ஆதார் எண், பாஸ்புக் எண்ணை மட்டும் அதில் தட்டாதீங்க. கடைசியில் பேனாவால் எழுதிக்கலாம்.