வடவைத் தீயும் கடலடி ஊற்றும்

(அம்பத்தூரில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், ஆழ்கடலின் அடியிலே கொதித்துக் கொண்டிருக்கும் நீரூற்றுக்களைப் பற்றியதாகும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியாது. அப்படியிருக்க, கூலியையும் விலைவாசியையும் விட்டுவிட்டுக் கடலடிக் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, இந்த விஷயம் வெளிவந்தவுடன் “இதெல்லாம் எங்கள் புராணத்தில் எப்போதோ சொல்லியாயிற்று” என்று கிளம்புவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். மற்றொன்று, அந்த ஊற்றுக்களின் பக்கத்தில் குவிந்து கிடக்கும் செம்பிலும் பொன்னிலும் உங்களுக்கும் நமக்கும் பாத்தியதை உண்டு.

முதலில் புராணத்தைப் பார்ப்போம். கடலுக்குள் பெட்டைக் குதிரை முகத்தோடு ஒரு தீ இருக்கிறதாம். அதற்கு வடவைத் தீ என்று பெயராம். ஒரு முனிவரின் கோபமே அப்படித் தீயாகிக் கடலில் விடப்பட்டதாம். இத்தனை ஆறுகள் வந்து விழுந்தும் கடல் ஏன் கரை புரளவில்லை என்று கேட்டால், அந்தத் தீ தண்ணீரைக் குடித்து விடுகிறது என்பது பதில். கடல்நீர் வெயிலில் ஆவியாகி, மேகமாகி, மழையாகி, மறுபடியும் ஆறாகிறது என்பதை இன்று நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லிவிடும்.

சரி, கடலடியில் உண்மையாகவே இருப்பது என்ன? பூமியின் மேலோடு பல துண்டுகளாகப் பிளந்து கிடக்கிறது. இரண்டு துண்டுகள் விலகும் இடங்களில், கடலடியில் நெடிய மலைத்தொடர்கள் ஓடுகின்றன. உலகம் முழுவதும் சேர்த்து அவற்றின் நீளம் சுமார் 65,000 கிலோமீட்டர். பசிபிக் கடலில் சில இடங்களில் அந்த விலகல் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல். நம்முடைய இந்தியப் பெருங்கடலின் தென்மேற்குத் தொடரிலோ ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவேதான். நம் விரல் நகம் வளரும் வேகத்தில் பாதி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இந்தப் பிளவுகளின் வழியாகக் கடல்நீர் உள்ளே இறங்குகிறது. கீழே உருகிய பாறையின் சூட்டால் 350 டிகிரிக்கு மேலும் காய்கிறது. அவ்வளவு சூட்டிலும் அது ஏன் கொதித்து ஆவியாகி விடுவதில்லை? நம் வீட்டு பிரஷர் குக்கரைப் பாருங்கள். அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீராகவே இருக்கிறது. 4,500 மீட்டர் ஆழத்திலோ நாம் தரையில் தாங்கும் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 450 பங்கு அழுத்தம் இருக்கிறது. அந்தச் சுடுநீர் பாறையிலுள்ள இரும்பு, செம்பு, துத்தநாகம் முதலியவற்றைக் கரைத்துக் கொண்டு மேலே பீறிட்டு வருகிறது. வெளியே கடலடி நீர் 2 டிகிரி குளிர்ச்சி. சர்க்கரைப் பாகு ஆறும்போது கற்கண்டு பிரிவதுபோல, கரைந்திருந்த உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்து கரும்புகை போலப் பிரிந்து, வாயைச் சுற்றிப் படிந்து, புகைபோக்கி மாதிரி உயர்கின்றன. குதிரை முகமும் இல்லை, முனிவர் கோபமும் இல்லை.

தோழர்களே! இங்கே ஒரு முக்கியமான சங்கதியைக் கவனிக்க வேண்டும். 1977-ல் பசிபிக் கடலில் காலபாகஸ் தீவுகளுக்கு அருகே, ஆல்வின் என்ற சிறு மூழ்கிக் கப்பலில் மனிதர் இறங்கி முதன்முதலாக இப்படிப்பட்ட ஊற்றுக்களைப் பார்த்தார்கள். அந்தப் பயணத்தில் உயிர்நூல் படித்தவர் ஒருவர்கூட இல்லை. ஏனெனில் வெளிச்சமே எட்டாத அந்த ஆழத்தில் உயிர்க்கூட்டம் செழித்திருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் கண்டது என்ன? சிப்பிகளும், வாயும் குடலும் இல்லாத நீண்ட குழாய்ப் புழுக்களும் கூட்டங்கூட்டமாக இருந்தன. ஊற்றிலிருந்து வரும் கந்தக வாயுவிலிருந்து உணவு செய்யும் நுண்ணுயிர்களே அவற்றுக்கு ஆதாரம்.

அதேபோல, மெதுவாக விலகும் தொடர்களில் சூடு போதாது, ஆகையால் இத்தகைய கொதி ஊற்றுக்கள் அங்கே இருப்பது அரிது என்று அறிஞர் பலர் எண்ணியிருந்தார்கள். 1985-ல் மெதுவாக விலகும் அட்லாண்டிக் தொடரிலேயே கரும்புகை ஊற்றுக்களைக் கண்டார்கள். மெதுவான தொடரில் வெடிப்புக்கள் நெடுங்காலம் நிலைத்திருப்பதால், ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஊற்று வந்து போய், உலோகம் பெரிய மேடாகச் சேர்ந்து விடுகிறதென்பதும் தெரிந்தது. பழைய எண்ணம் என்ன ஆயிற்று? கைவிடப்பட்டது. யாரும் யாரையும் நாஸ்திகன் என்று ஏசவில்லை, சாதியை விட்டுத் தள்ளவுமில்லை. புராணத்தில் எந்தத் தப்பையாவது இப்படித் திருத்திக் கொண்டதுண்டா என்று கேட்கின்றோம்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. அந்த நிலையத்தாரும் கோவாவிலுள்ள துருவ, கடல் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து, சாகர் நிதி என்ற கப்பலில் போய், 2024 டிசம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்திலுள்ள ஓர் ஊற்றை, ஆளில்லா மூழ்கி இயந்திரத்தை அனுப்பிப் படம் பிடித்தார்கள். வடவைத் தீயைப் பாடியவர்கள் அது எந்த இடம், எத்தனை ஆழம், எத்தனை சூடு என்று ஒரு வரியாவது எழுதி வைத்தார்களா? அன்றியும், கடல் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்று விதி எழுதியவர்களுக்குக் கடலைப் பற்றிப் பெருமை பேச என்ன யோக்கியதை இருக்கிறது?

அதே நிலையம் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு போக ஒரு மூழ்கிக் கலத்தைக் கட்டும் வேலையில் இறங்கியிருக்கிறது. அதற்கு மத்ஸ்யா என்று பெயர். மச்சாவதார மகிமையால் அது முழுகப் போகிறது என்று யாராவது சொன்னால், அப்படியானால் 2.1 மீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் தடிப்புமுள்ள டைட்டானியக் கோளம் எதற்கு என்று கேளுங்கள். இங்கே தொழிற்பேட்டையில் லேத்தில் நின்று உலோகம் கடையும் தோழர்களுக்கு அதன் அருமை நன்றாய்த் தெரியும். ஒரு மயிரிழை பிசகினால் மந்திரம் காப்பாற்றாது.

இனி நமது பாத்தியதையைப் பற்றிச் சொல்லுகிறோம். எந்த நாட்டு எல்லைக்கும் உட்படாத கடலடிச் செல்வம் மனித சமூகம் முழுவதற்கும் பொது என்று 1982-ல் ஏற்பட்ட கடற்சட்டம் கூறுகிறது. அச்சட்டப்படி அமைந்த சர்வதேசக் கடலடி ஆணையத்தோடு 2016-ல் இந்தியா ஓர் ஒப்பந்தம் செய்து, இந்தியப் பெருங்கடல் தொடர்களில் 10,000 சதுர கிலோமீட்டரில் 15 ஆண்டுகளுக்கு இந்தக் கந்தக உலோகங்களைத் தேடிப் பார்க்கும் உரிமை பெற்றது. இது தேடுவதற்கான உரிமையே தவிர, வெட்டி எடுப்பதற்கானதல்ல. நாளைக்கு வெட்டலாம் என்ற பேச்சு வரும். அங்கே உடலில் இரும்புச் செதில் பூண்ட ஒரு நத்தை இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் சில ஊற்றுக்களைத் தவிர வேறெங்கும் அது கண்டதில்லை. சுரங்கம் வந்தால் அது அழியக்கூடும் என்று 2019-ல் உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

ஆகவே, அந்தச் செம்பு யாருக்குப் போகும், லாபம் யாருடையது, அழிவதைத் திருப்பிக் கொண்டு வர முடியுமா என்று கேட்கும் பொறுப்பு பொதுச் சொத்துக்குச் சொந்தக்காரரான நம் எல்லோருக்கும் உண்டு. விஷயம் தெரியாதவன் கேள்வி கேட்க முடியாது. “எல்லாம் புராணத்தில் இருக்கிறது” என்று நம்பியிருப்பவன் விஷயத்தைத் தெரிந்து கொள்ளவே மாட்டான். அந்த நம்பிக்கையால் யாருக்கு லாபம் என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளைகளை, ஆணாயினும் பெண்ணாயினும், இந்தப் படிப்புக்கு அனுப்புங்கள். பள்ளிக்கரணை இங்கிருந்து தூரமில்லை. நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். விசாரித்துப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள் என்று கேட்டுக் கொள்ளுகிறோம்.