ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

வேப்பூர் ஆட்டுச் சந்தையில 12 ஆடு வாங்கினா, 2 பேரோ 3 பேரோ 4 பேரோ 6 பேரோ சமமா பிரிச்சுக்கலாம். 13 வாங்கினா சிக்கல்தான். 12-க்கு 6 காரணிகள் இருக்கு. அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் அத்தனை காரணி கிடையாது.

இப்படி, தனக்குக் கீழே இருக்கிற எல்லா எண்களையும் காரணிக் கணக்குல ஜெயிக்கிற எண்களைப் பத்தித்தான் ராமானுஜன் 1915-ல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார். 1916-ல் அவருக்குப் பட்டம் வாங்கித் தந்ததும் இந்த ஆய்வுதான்.

கம்ப்யூட்டர் இல்லாத காலம். கையால போட்ட பட்டியல் 6746328388800 வரைக்கும் போகுது. அதை 23 ஆல வகுங்க: 293318625600. இதுவும் பட்டியல்ல வரவேண்டிய எண். ஆனா விட்டுப்போச்சு!

இதைப் பகா எண்களா உடைச்சா 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் ரெண்டு ரெண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை வரும். ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒண்ணு கூட்டிப் பெருக்குங்க: 7×5×3×3×2×2×2×2. மொத்தம் 5040 காரணிகள்.

கணக்குல பெரிய பேருக்குத் தனிச் சலுகை கிடையாது. ராமானுஜன் போட்ட பட்டியலையும் உங்க போன் கால்குலேட்டர்ல நீங்களே சரிபார்க்கலாம். பாருங்க!